பகலில் தூங்குகிறவனுக்கு ஓர் அறை

"பகல்ல தூங்கற புள்ளைக்கு எவன் ஊடு குடுப்பான், டீச்சரம்மா?"

ஆவடியில் உனக்கு அறை தேடி அலைந்த அன்று கோவிந்தம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள். உன் போன வாரக் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தக் குரல்தான் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. உன் ஆஸ்பத்திரிக்கு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வார்டுப் பயிற்சிக்கு வரப்போகிறார்கள், அவர்களுக்குத் தங்க இடம் ஒதுக்கும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது, சலவைக்கூடத்தை ஒட்டி ஒரு பழைய சாமான் அறை இருக்கிறது, கட்டில்களை நெருக்கிப் போட்டால் எல்லாரையும் அடைத்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். மாடியில் கிழக்குப் பக்கம் காலியாகக் கிடக்கும் வார்டைக் கேட்கலாம்தான், ஆனால் அதற்கு மேலதிகாரிகளிடம் மல்லுக்கட்ட வேண்டும், 'நாங்களெல்லாம் எப்படியோ சமாளிக்கவில்லையா அம்மா?' என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. ஆகவே பதில் நீளமாக இருக்கும். உன்னைப் போலப் பொறுப்பில் இருக்கிற மற்றவர்களுக்கும் படிக்கக் கொடுத்தாயானால் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

அப்போது நீ டாக்டருக்குக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். இத்தனை பிரசவம் பார்த்தால்தான் பரீட்சைக்கு உட்காரலாம் என்பது விதி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் தாங்காததால் உங்களில் சிலரை நம் பக்கத்திலிருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தாய்மார்களுக்கே கட்டில் போதாது; மாணவர்களுக்கு எங்கே இருக்கும்? தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சைக் காட்டினார்கள். உன்னோடு வந்த ஒரு மாணவிக்கு நர்சுகள் இரக்கப்பட்டு, துணிகள் அடுக்கிவைக்கிற அறையில் இடம் கொடுத்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. அந்த மட்டில் அவள் அதிர்ஷ்டக்காரி. இன்னொருவனுக்கு அம்பத்தூரில் சித்தப்பா வீடு இருந்தது, ரயிலில் போய்வந்தான். குழந்தைகள் பிறப்பதற்கு ரயில் நேரம் பார்ப்பதில்லை, அதனால் அவன் பாதிப் பிரசவங்களைத் தவறவிட்டான். பூந்தமல்லியில் நம் வீட்டிலிருந்து நீ போய்வருவதென்றால் இருட்டிய பிறகு பஸ்ஸே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் ஓர் அறை வேண்டும். அதனால்தான் நாம் இருவரும் வெயிலில் அலைந்தோம்.

கோவிந்தம்மாவின் வீட்டார் ஒரு காலத்தில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பாக்டரி வந்து, வெளியூர்களிலிருந்து வேலைக்காரக் குடும்பங்கள் வந்து இறங்கியபோது, தங்களுக்கென்று இருந்த கொஞ்சம் மனையில் எதிரெதிராக நான்கு குடித்தனங்களைக் கட்டி, மேலே சிமெண்டு ஷீட் போட்டு வாடகைக்கு விட்டார்கள். நடுவில் ஓர் அடிபம்பு, கோடியில் ஒரே ஒரு கக்கூஸ். எல்லாருக்கும் அதுதான். அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருவரும் படுத்திருக்கக் கூடாது. "வெளக்கு ஏத்தற நேரத்துல ஒருத்தன் மல்லாந்து கெடந்தா லட்சுமி உள்ள வருவாளா, அவ அக்கா வருவாளா? நீங்களே சொல்லுங்கோ" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "என் பிள்ளை பகலில் தூங்குகிறவன் இல்லை அம்மா, விடியற்காலம் எழுந்திருக்கப் பழக்கப்பட்டவன்" என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். இரவெல்லாம் லேபர் வார்டில் நிற்கப் போகிறவன் பிறகு எப்போதுதான் தூங்குவான் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. வாத்தியார் வீட்டுப் பெருமை அது. உன்னை விட்டுவிட்டுக் கிளம்பும்போது, "பயிற்சி முடியும்வரை சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவராதே" என்று வேறு சொன்னேன். இரண்டையும் நல்ல புத்திமதி என்றே நினைத்தேன்.

அந்த அறையில் நீ இருந்த விதத்தை இப்போது நினைத்துப் பார். காலையில் வார்டு வேலை முடிந்து வந்து படுக்கிற நேரத்தில் பம்படியில் நான்கு வீட்டுக் குடங்களும் வரிசை கட்டும். உன் ஜன்னல் பம்பைப் பார்த்த ஜன்னல். பம்பு ஓய்ந்தால் கோலமாவுக்காரன், அவன் போனால் உப்பு வண்டி, அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகாத வாண்டுகளின் கில்லி. மத்தியானம் மேற்கு வெயில் ஷீட்டில் இறங்கினால் அறை அடுப்பாகிவிடும். கொஞ்சம் ஆறிக் கண் சொக்குகிற நேரத்தில் கோவிந்தம்மா கதவைத் தட்டுவாள். "நைனா, எய்ந்திரு. வெளக்கு வெக்கப் போறேன்." எழுந்து முகம் கழுவி, கிளப்புக் கடையில் எதையோ தின்றுவிட்டு மறுபடி வார்டுக்குப் போவாய். இப்படி எத்தனை நாள் ஓட்டினாய் என்று நீ எனக்கு எழுதவே இல்லை. 'சௌக்கியம்' என்றுதான் எழுதினாய்.

ஒருநாள் நான் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கோவிந்தம்மாவின் புருஷன் எத்திராஜு வகுப்பு வாசலில் வந்து நின்றார். காய்கறி போடப் பூந்தமல்லிச் சந்தைக்கு வந்தவர், காலிக் கூடையும் கையுமாக இருந்தார். "பதறாதீங்கோ டீச்சரம்மா. ஒங்க புள்ளைக்கு அம்மை வாத்துக்குது. மூணு நாளா கதவுல வேப்பலை சொருவி வெச்சிக்கினு படுத்துக் கெடக்குது. இன்னிக்குத் தண்ணி ஊத்தணும்னு ஊட்டுக்காரி சொல்றா. பெத்தவங்க கூட இருந்தா நல்லதுன்னு ஒங்களாண்ட சொல்ல வந்தேன்." அப்போதெல்லாம் பெரியம்மை நம் பக்கத்தை விட்டு முழுதாகப் போயிருக்கவில்லை. ஆவடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது உன் முகத்தில் தழும்புகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். தழும்போடாவது நீ இருந்தால் போதும் என்று ஒரு கட்டத்தில் மனசு பேரம் பேசத் தொடங்கிவிட்டது. உனக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

உன் கதவில் வேப்பிலைக் கொத்து வாடித் தொங்கியது. குடித்தனங்கள் இருந்த வளவு முழுவதும் சத்தமே இல்லை. உள்ளே நீ வாயைத் திறந்துகொண்டு, கைகால்களைப் பரப்பிக்கொண்டு, நல்ல உறக்கத்தில் இருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தேன். ஒரு கொப்புளம் கிடையாது. நெற்றி குளிர்ந்திருந்தது. முதலில் அழுகை வந்தது. அது முடியுமுன்பே கோபமும் வந்துவிட்டது. உன்னை உலுக்கி எழுப்பினேன். என்னைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

அதற்குள் வெளியே முற்றத்தில் ஏற்பாடு தயார். வெயிலில் வைத்துச் சூடேற்றிய அண்டாத் தண்ணீர், அதில் மஞ்சள், வேப்பிலை. பக்கத்தில் ஒரு மனைப்பலகை. நான்கு குடித்தனத்துப் பெண்களும் தலைக்குக் குளித்துவிட்டு நின்றார்கள். "கூட்டியாங்கோ டீச்சரம்மா, வெயில் எறங்கறதுக்குள்ள ஊத்திடலாம்" என்று கோவிந்தம்மா குரல் கொடுத்தாள். நீ என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று எதிர்பார்த்தாயா, தெரியாது. நீயே வெளியே போனாய். சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்று, "எனக்கு அம்மை இல்லீங்க. நான்தான் வேப்பிலையைச் சொருகினேன்" என்றாய். இன்றைக்கும் நான் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிற சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

"இன்னாது? நீயா சொருவின?" கோவிந்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த செம்பை நங்கென்று வைத்தாள். "அடப்பாவி! மன்சனை ஏமாத்துவாங்க, ஆத்தாளையே ஏமாத்துவியா? அவ பேரைச் சொல்லிக்கினு படுத்துக் கெடந்தியா? சட்டி முட்டியத் தூக்கிக்கினு இப்பவே ஊட்டக் காலி பண்ணு!"

"அம்மை இல்லேன்னா சந்தோசப்படுவியா, கத்திக்கினு கீறியே" என்றார் எத்திராஜு.

"நீ சும்மா கெட. மூணு நாளா கருவாடு இல்லன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தது யாரு?"

நானும் என் பங்குக்கு விட்டுவைக்கவில்லை. அம்மை குத்துகிறவர் வந்தால் பிள்ளைகளை ஒளித்துவைக்கிற ஜனம், டாக்டருக்குப் படிக்கிறவனே அம்மையை வைத்து விளையாடினால் நாளைக்கு யார் எதை நம்புவார்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். கோவிந்தம்மாதான் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏன்டா இப்டி செஞ்ச? அதையாவது சொல்லு."

நீ சொன்னாய். குரல் எழும்பாமல் சொன்னாய். அந்த வாரம் ஒரு குழந்தையைக் கையில் வாங்கி நின்றபோது உனக்குக் கண் செருகிவிட்டது. குழந்தை சரிந்தது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. தாய்க்குக்கூடத் தெரியாது. ஆனால் சிஸ்டர் உன்னை வெளியே அழைத்துப்போய், "போய்த் தூங்கிவிட்டு வா. தூங்காமல் என் வார்டுக்குள் காலை வைக்காதே" என்று அனுப்பிவிட்டார். தூங்காவிட்டால் வார்டு இல்லை, வார்டு இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. இந்த வீட்டிலோ தூங்க விடமாட்டார்கள். அம்மை கண்ட வீட்டில்தான் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள், விளக்கு வைக்கிற நேரத்திலும் எழுப்பமாட்டார்கள் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. "வீட்டுக்கு வந்திருக்கலாமே" என்றேன் நான். "நீ வரக்கூடாதுன்னு சொன்னியேம்மா" என்றாய். அத்தனை பேர் முன்னால் எனக்கு அது தேவைதான்.

கோவிந்தம்மா உன் அருகே வந்தாள். பிறகு, "எந்த ஊட்டுக் கொயந்தை?" என்று கேட்டாள். தெரியாது என்றாய். "பொட்டையா, ஆம்பளையா?" பெண் குழந்தை என்றாய். அவள் கீழே வைத்த செம்பை எடுத்தாள். "உக்காரு" என்றாள். நீ விழித்தாய். "உக்காருடா நைனா. தண்ணி காய வெச்சது காய வெச்சதுதான். ஆத்தாளுக்குன்னு வெச்சதைக் கீய ஊத்த முடியாது." உன்னைப் பலகையில் உட்காரவைத்து, நிஜமாகவே அம்மை இறங்கிய பிள்ளைக்கு ஊற்றுவதுபோல உச்சந்தலையிலிருந்து மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தது.

இதுவரை நீ அறிந்தது. இனிமேல் சொல்லப்போவது நீ அறியாதது. உன் எதிர்க் குடித்தனத்தில் இருந்த செல்லக்கனியை மறந்திருக்க மாட்டாய். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவள் புருஷன் பாக்டரியில் இரவு ஷிப்டு. நீ தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அவள் என்னைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு மோர் கொடுத்தாள். "டீச்சர், இந்த மூணு நாளா இந்த வளவுல ஒரு வீட்லயும் தாளிக்கல, தெரியுமா? கடுகு வெடிச்சா அம்மனுக்கு ஆகாதுல்லா. எங்க வீட்டுக்காரவுக தாளிக்காத ரசத்தை ஊத்தித் தின்னுட்டு ஷிப்டுக்குப் போனாவ. பிள்ளைகள அந்தப் பக்கம் விளையாடச் சொல்லி வெரட்டிட்டோம். உப்பு வண்டிக்காரன எத்திராஜு அண்ணாச்சி தெருமுனையிலயே மறிச்சு, கூவாமப் போன்னு அனுப்பிட்டாவ. பம்புக் கைப்பிடி கிரீச்சுங்குதுன்னு எண்ணெய் விட்டாவ." நீ ஆசைதீரத் தூங்கியது வேப்பிலையால் என்று நினைத்திருப்பாய். நான்கு வீட்டார் உனக்காகச் சத்தத்தை அடக்கினார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் அம்மனுக்குப் பயந்து செய்ததுதானே என்று நீ சொல்லலாம். அப்படியானால் அதற்குப் பிறகு செய்ததைக் கேள்.

"பகலில் தூங்குகிற ஆள் உன் வீட்டிலும் இருக்கிறாரே, நீ எப்படிச் சமாளிக்கிறாய்?" என்று நான் அவளைக் கேட்டதற்குச் சிரித்தாள். "விளக்கு வைக்கையில எழுப்பி, செவுத்துல சாஞ்சு உக்கார வச்சிருவேன். கண்ணைத் திறக்காமலே உக்காந்திருப்பாவ. விளக்கு ஏத்தி முடிச்சதும் படுக்க வச்சிருவேன். உக்காந்திருந்தா லட்சுமி ஒண்ணும் சொல்ல மாட்டா." அவள் என்னோடு வந்து இதையே கோவிந்தம்மாவிடமும் எடுத்துச் சொன்னாள். அந்த ஏற்பாடு கோவிந்தம்மாவுக்கும் சம்மதமாயிற்று. பிறகு செல்லக்கனி இன்னொன்றும் செய்தாள். மறுவாரம் உன்னைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றினார்களே, ஷீட் ஒழுகுகிறது, ரிப்பேர் செய்யவேண்டும் என்று, ஞாபகம் இருக்கிறதா? ஷீட் ஒழுகவில்லை. வேப்ப மரத்து நிழல் விழுகிற, பம்புச் சத்தம் கேட்காத அந்த அறை, செல்லக்கனியின் புருஷன் ஷிப்டு முடிந்து வந்து தூங்குகிற அறை. "எங்க வீட்டுக்காரவுக இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாவ, பம்புச் சத்தம் அவுகளுக்குத் தாலாட்டு. தம்பி இங்க படுக்கட்டும். காரணம் சொன்னா வேண்டாம்னுரும், அதனால ஒழுகுதுன்னு சொல்லிருதேன்" என்றாள். அவர் ஒப்புக்கொண்டார். அந்தக் கோடை முழுவதும் அந்த மனிதர் உன் பழைய அறையில், மேற்கு வெயிலில், பம்படியில் படுத்துத் தூங்கினார். இடி விழுந்தாலும் எழாதவரா, எழுந்தும் எழாததுபோல் கிடந்தவரா, நான் கேட்கவில்லை. உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தேன்.

நீ வார்டுக்குத் திரும்பினாய், வேண்டிய பிரசவங்களைப் பார்த்தாய், பரீட்சை எழுதினாய். 'எப்படியோ சமாளித்தோம்' என்று நீ எழுதுகிறாயே, அந்த 'எப்படியோ'வுக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள், மகனே. உன் மாணவர்களுக்கு ஊர் ஜனம் இப்படி வந்து வாய்க்கும் என்று எண்ணி நீ சாமான் அறையை ஒதுக்க முடியாது. வாய்த்தால் அது அவர்கள் அதிர்ஷ்டம். நீ கொடுக்க வேண்டியது அறை.

எனக்கும் அந்தக் கோடையில் ஒரு பாடம் கிடைத்தது. அதுவரை என் வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையை எழுப்பிப் பெஞ்சின்மேல் நிற்க வைப்பேன். பிறகு, தூங்குகிற பிள்ளையிடம் முதலில் வீடு எங்கே என்று கேட்கத் தொடங்கினேன். ஒரு பெண் தினமும் முதல் பாடத்திலேயே தலையைச் சாய்ப்பாள். கேட்டால், அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி ஆலை. இரவிலும் ஓடும் ஆலை. அவளைக் கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் தூங்கவிட்டுப் பிறகு பாடம் சொன்னேன். மக்கு என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்த பெண், வருஷக் கடைசியில் கணக்கில் வகுப்புக்கே முந்தினாள். அவளுக்கு நான் கணக்கை வேறு விதமாகச் சொல்லித்தரவில்லை. உன் மாணவர்களில் சோம்பேறி என்று யாரையாவது எழுதிவைக்குமுன் அவன் எங்கே படுக்கிறான் என்று போய்ப் பார். நம் நாட்டில் ஆஸ்பத்திரிகள் பெருகிக்கொண்டிருக்கின்றன. படிக்கிற பிள்ளைகளும் பெருகுகிறார்கள், பெண் பிள்ளைகள் முன்னைவிட அதிகம். உங்கள் காலத்துப் பெஞ்சு இவர்களுக்கும் வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. நீங்கள் இப்போது பொறுப்பில் இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை.

மேலே இருப்பவர்களிடம் பேசுவதற்கு நீ தயங்குகிறாய். செம்பும் தண்ணீருமாக நின்ற கோவிந்தம்மாவிடமே உண்மையைச் சொன்னவன் நீ. ஓர் அதிகாரி அவளைவிடப் பயங்கரமாக இருக்க முடியாது. பெண்கள் தங்கும் பக்கத்துக்கு உள்தாழ்ப்பாள், குளிக்கத் தண்ணீர், வெளிச்சத்தை மறைக்க ஜன்னலுக்கு ஒரு கனத்த துணி, இரவு வேலை பார்த்தவரைப் பகலில் எழுப்பக் கூடாது என்று வார்டுப் பையன்கள்வரை ஒரு கட்டளை. கேட்டால் இவ்வளவுதான் கேட்கப் போகிறாய். கேட்டுத்தான் ஆகவேண்டுமா என்று இன்னும் உனக்குச் சந்தேகம் இருந்தால், என் பேச்சை வைத்து முடிவு செய்யாதே. அடுத்த முறை உனக்கு இரவு டியூட்டி வரும்போது, காலையில் வீட்டுக்குப் போகாமல், சலவைக்கூடத்தை ஒட்டிய அந்த அறையில் ஒரு பாயை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு, சாயங்காலம்வரை தூங்கிப் பார்.